ஒரு கைத் தூரம்

வடக்கனந்தல்
10-11-2025, திங்கள்

உலையாகக் கொதிக்கும் பவானிக்கு, அடுப்பாகிய எழில்மதி எழுதுவது.

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால், "நீ இருக்கும்போது எப்படி?" என்பாய். என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், தெரியும். டவரே இல்லாத மேல்நெல்லிக்காட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தியை பிளாக் செய்வது, கதவே இல்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவது மாதிரி. அதனால்தான் பேப்பர். கொண்டுபோவாரா என்று வெள்ளிமலை பஸ் கண்டக்டர் முனியன் அண்ணனிடம் காலையில் கேட்டேன். "இன்னாம்மா, லவ் லெட்டரா?" என்றார். "லவ் பூட்ச்சுண்ணே, லெட்டர் மட்டும்தான் பாக்கி" என்றேன். வெள்ளிமலை டீக்கடையில் கொடுப்பாராம். உங்கள் ஊர் ஜீப்பில் ஏறி வந்துவிடும்.

முதலில் நல்ல செய்தி. நம் வி.ஆர். புராஜெக்ட் 'மலையேறு'வுக்கு மாவட்டத்தில் முதல் பரிசு! டிசம்பர் 5 சென்னையில் மாநிலக் கண்காட்சி. அப்படிப் பெயர் வைக்காதே, மலையேறிப் போய்விடும் என்று நீதான் பயந்தாய். ஏறியது நீதான், விடுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

வியாழக்கிழமை மாவட்டக் கண்காட்சியில் நடந்ததை நான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிவப்பு மையால் திருத்து.

வி.ஆர். கண்ணாடியை மாட்டினால் உன் ஊர் தெரியும். உன் அத்தை பெரியம்மாள், உன் அப்பா செல்லன், நம் கம்ப்யூட்டர் சார் தீனதயாளன், வருகிறவர்களுக்கு வழிகாட்டிப் பேசும் நீ என்று உள்ளே நாலு பேர். நாலு பேரையும் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்து அச்சு அசலாகச் செய்தோம். ஆரம்பத்திலேயே நீ ஒரு சட்டம் போட்டாய்: வருகிறவர் யாரையும் தொடக் கூடாது, ஒரு கைத் தூரம் தள்ளியே நிற்க வேண்டும். நான் வைத்தேன். வியாழன் காலையில் நானே எடுத்தேன். எல்லாம் சாரின் மீசைக்காக. தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மீசையைப் பிடித்து இழுத்தபோது பெரிய திரையில் அது இரண்டடி நீண்டதே, ஹாலே குலுங்கியது! மீசைக்கு மட்டும் எடுத்ததாகத்தான் நினைத்தேன். நான் டிக் போட்டிருந்தது 'எல்லோருக்கும்' என்ற கட்டத்தில்.

அப்புறம் வேறு பள்ளிப் பையன்கள் வந்தார்கள். உன் பின்னலைப் பிடித்தார்கள். தூக்கினார்கள். கிணற்றில் போட்டார்கள். நீ மறுபடி கிணற்றடியில் வந்து நின்று, "எங்க ஊருக்கு வாங்க" என்றாய். அடுத்தவன் போட்டான். ஒரு ஏழு தடவை இருக்கும்.

ஆனால் பவா, போட்டது பொம்மையைத்தானே? நீ ஹாலில் என் பக்கத்தில் முழுசாக நின்றுகொண்டிருந்தாய்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பிறந்தவள் நான். கள்ளமும் என்னுடையது, குறி தப்பியதும் என்னுடையது. சாரி. இறங்கி வா.

எழில்


மேல்நெல்லிக்காடு
14-11-2025

எழில்மதிக்கு,

சிவப்பு மை இல்லை. நீலத்திலேயே திருத்துகிறேன்.

ஏழு இல்லை. பதினொன்று. நான் எண்ணினேன்.

கிணறு. எங்கள் ஊரில் கிணறு கிடையாது. பாறை இடுக்கில் ஊத்துதான். செப்டம்பரிலேயே சொன்னேன். "ஊருன்னா கெணறு இல்லாமயாடி?" என்று உங்கள் வடக்கனந்தல் கிணற்றைக் கொண்டுவந்து வைத்தாய். அதில்தான் என்னைப் போட்டார்கள்.

பொம்மையைத்தானே என்கிறாய். அந்தப் பொம்மைக்கு என் இடது புருவத் தழும்பு இருக்கிறது. என் பாவாடை தாவணி. என் குரல். கீழே வந்து ஒன்றரை வருஷமாகியும் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைகள் உண்டு. அதனால் ஒவ்வொரு வரியையும் இருபது தரம் பேசிப் பதிவு செய்தேன். தூக்கிப் போடப் போட அவள் எழுந்து வந்து, "எங்க ஊருக்கு வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். திட்டக்கூட நீ அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

நிறுத்தும் பொத்தான் உன் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை நீ எழுதவில்லை.

யாரோ அதைப் போனில் எடுத்திருக்கிறான். சனிக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு வந்தார்களாம். பின் சீட்டில் என் அப்பா. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "இனிமே நீ கீழ போவ வேணாம்" என்றார். அப்பா சொன்னதற்காக மட்டும் நான் இங்கே இல்லை. எனக்கே வரப் பிடிக்கவில்லை.

என்னை அதிலிருந்து எடு. அவள் அங்கே நிற்கிறவரை நான் இறங்க மாட்டேன். பள்ளிக்கூடமும் வேண்டாம்.

பவானி


வடக்கனந்தல்
18-11-2025

பவானிக்கு,

மூன்று நாளாக மழை. கோமுகி அணை நிரம்பிவிட்டதாம். நானும் நிரம்பித்தான் இருக்கிறேன், திறந்துவிட ஆள் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் லேபுக்குப் போகத் தோன்றுகிறது, லேபுக்குப் போனால் திரையில் நீ. "எங்க ஊருக்கு வாங்க." நான் உடனே அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

சாரிடம் சொன்னேன். அவர் தீனியும் தயவும் உள்ள தீனதயாளன்தான், ஆனால் பரிசு என்று வந்தால் தீனி மட்டும்தான். "அந்தப் பொண்ணுதாம்மா மொத்த புராஜெக்டும். அவள எடுத்துட்டா இன்னா காட்டுவ? மேட்டையா?" என்றார். இருபத்தெட்டாம் தேதிக்குள் சென்னைக்கு அனுப்ப வேண்டும். கண்காட்சி முடிந்ததும் எல்லாப் பள்ளிகளும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவிடுவார்களாம்.

அதனால் ஒரு யோசனை. கைத் தூரத்தை மறுபடி வைத்துவிட்டேன், இனி எவனும் தொட முடியாது. உன் முகத்தை மாற்றிவிடலாம். மூக்கைக் கொஞ்சம் நீட்டி, தழும்பை எடுத்து, பேரை செந்தமிழ்ச்செல்வி என்று வைத்துவிட்டால் உன் அப்பாவுக்கே அடையாளம் தெரியாது. எப்படி?

இதை எழுதிவிட்டுப் படித்தேன். எனக்கே பிடிக்கவில்லை. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் பஸ் வருகிற நேரமாகிவிட்டது.

பொத்தானைப் பற்றிக் கேட்டாய். பக்கத்தில்தான் இருந்தது. முதல் இரண்டு தடவை நானும் சிரித்தேன். நீ திரும்பத் திரும்ப எழுந்து வந்தது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, ஆனால் ஹாலே என் புராஜெக்டைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து ஊர் கை தட்டியது அதுதான் முதல் தடவை. கை போகவில்லை.

எழில்


மேல்நெல்லிக்காடு
21-11-2025

எழில்மதிக்கு,

இரண்டு இல்லை. நாலு தடவை சிரித்தாய். நான் திரையைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூக்கை நீட்ட வேண்டாம். வேறு பேரும் வேண்டாம். என்னை எடு என்றால் என்னை எடு.

இனி எழுதப் போவது என் பங்கு. ஒரு வாரமாக உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்டில் நீயும் சாரும் வந்து அத்தையைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தீர்கள். அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து புதுப்புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள், நினைவிருக்கிறதா? கை இரண்டையும் விரித்துக் காட்டு என்றதும் காட்டினாள். திரும்பு என்றதும் திரும்பினாள். நீகூட, "உங்க அத்தை சூப்பர் மாடல்டி" என்றாய்.

அவள் அதை சாதி சர்டிபிகேட்டுக்கு என்று நினைத்துக்கொண்டாள். மலைக்காரர்களான எங்களுக்கு அது கிடைப்பது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும். அவளுக்கு வி.ஆர். உலகத்தை விளக்க எனக்குச் சோம்பல். "ஆமா அத்தை, அது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் ஏதோ பள்ளிக்கூடப் போட்டோ என்றுதான் சொன்னேன்.

மூன்று மாதமாக அத்தை தினமும் கேட்கிறாள். "சுத்தி சுத்தி எடுத்தாங்களே, எப்ப வரும்?" ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பெரிய மெஷினில் எடுத்ததால் இந்தத் தடவை தாலுகா ஆபீசில் தட்டிக்கழிக்க முடியாது என்கிறாள்.

என்னைக் கேட்காமல் என்னைத் தொடவிட்டாய் என்று உன்மேல் கோபப்படுகிறேன். அவளைக் கேட்காமல் அவளையே கொடுத்துவிட்டவள் நான். எந்த முகத்தோடு சொல்வது?

நீ வந்து சொல்வதானால் சொல். நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

பவானி


வடக்கனந்தல்
24-11-2025, திங்கள்

பவானிக்கு,

வந்தேன், கண்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ காட்டுக்குள் இருந்ததால் முழுசாக எழுதுகிறேன்.

நேற்று காலை முதல் பஸ், பையில் லேப் கண்ணாடி. வளைவுகளில் என் குடல் என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. ஜீப்பில் இறங்கி உன் வீட்டுக்கு வந்தால், அத்தை சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "யாரு, சர்டிபிகேட் பொண்ணா? வா வா, வந்துட்ச்சா?" என்றார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் என்றிருந்தது.

"அத்தை, அது சர்டிபிகேட்டுக்கு எடுத்தது இல்லைங்க."

"அப்ப எதுக்கு என்னிய அப்படிச் சுத்த வுட்டீங்க?"

"இந்தக் கண்ணாடி போட்டா உங்க ஊரு தெரியும்ங்க. அதுக்குள்ள நீங்க இருப்பீங்க."

"இருந்துக்கினு இன்னா பண்ணுவேன்?"

"சும்மா நிப்பீங்க."

"சும்மா நிக்கவா புதுப் பொடவ கட்டிக்கினு வந்தேன்?"

கண்ணாடியை மாட்டிவிட்டேன். அத்தை கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "யாரு இவ, என் பொடவையக் கட்டிக்கினு? ஏன் கண்ணு கொட்டாம நிக்கிறா? ஏ பொம்பள, உன்னத்தான். பேச மாட்டேங்குறா பாரு, திமிரு" என்றார். கையை நீட்டினார். போகவில்லை. "தொட வுட மாட்டேங்குது."

"யாரும் தொடக் கூடாதுன்னு வச்சிருக்கேங்க."

"என்னிய நானே தொடக் கூடாதா?"

  

கண்ணாடியைக் கழற்றி முறத்தில் வைத்தார். "மூணு மாசமா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேன். ஒரு வார்த்த கேக்க ஒனக்கு வாயி வலிச்சிதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இ-சேவை மையத்தில் நானே வந்து எழுதித் தருகிறேன் என்றேன். "அது தனி. இது தனி" என்றார். ஒரு முறம் சாமை முடிந்தது. அடுத்த முறம் எடுக்கும்போதுதான் பேசினார்.

"கீழ யாராவது வம்பு பண்ணா அவ இன்னா செய்வா?"

"நிப்பாங்க."

"நான் நிக்க மாட்டேன். எழுந்து வூட்டுக்குள்ள போயி, கோவம் தீர்ற வரைக்கும் கதவச் சாத்திக்குவேன். அப்படி வைப்பியா? வச்சா இருக்கட்டும். இல்லன்னா எடுத்துடு."

வைக்கிறேன் என்றேன். சென்னைக் கண்காட்சிக்கு மட்டும்தான் என்று கறாராகச் சொன்னார்.

உன் அப்பா வந்தார். அவருக்கும் காட்டினேன். அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு வேணாம்மா. எடுத்துடு." அவ்வளவுதான். உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவ மூஞ்சிக்கு நான் எப்படிச் சொல்றது? அவளயே கேளு" என்று மரவள்ளிக் காட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

காட்டைப் பார்த்துக் கத்தினேன். கேட்டிருக்கும் உனக்கு. "இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?" மரவள்ளி பதில் சொல்லவில்லை. யாரும் பதில் சொல்லாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வதுதான் என் வழக்கம். நேற்று அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் உன்னையும் அப்பாவையும் எடுத்துவிட்டேன். கிணற்றையும் மூடிவிட்டேன். ஊத்தை எப்படி வைப்பது என்று தெரியவில்லை, நேற்று பார்க்க மறந்துவிட்டேன். சார் என்னோடு பேசவில்லை.

எழில்


மேல்நெல்லிக்காடு
27-11-2025

எழில்மதிக்கு,

காட்டில்தான் இருந்தேன். கேட்டது. தொண்டையைக் கொஞ்சம் குறைத்துக்கொள், குரங்குகள் இன்னும் இந்தப் பக்கம் திரும்பி வரவில்லை.

நீ போன பிறகு அத்தை இரண்டு நாள் என் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வேறு பக்கம் போய்ச் சாப்பிட்டாள். நேற்றுதான் பேசினாள். "நீயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

எடுத்துவிட்டதாகச் சொல்கிறாய். நம்ப ஆசை. ஆனால் நாளை அனுப்பும் நாள். சார் ஒரு தரம் கெஞ்சினால் போதும். பழையது உன் பென் டிரைவில் இருக்கும். லேப் கம்ப்யூட்டரில் இருக்கும். என் முகத்தை எடுத்துவிட்டு என் குரலை வைத்திருப்பாய். குரலை யோசித்தாயா? அதுவும் நான்தான்.

ஊத்து முழங்கால் உயரம். மூங்கில் குழாய் வழியாக வரும். தண்ணீர் கை கனத்துக்கு மேல் இருக்காது.

பவானி


வடக்கனந்தல்
7-12-2025, ஞாயிறு

பவானிக்கு,

குரலை யோசிக்கவில்லை. உன் கடிதம் 28-ஆம் தேதி காலை பஸ்ஸில் வந்தது. அன்று மத்தியானம்தான் எடுத்தேன். பதினாறு வரிகள். ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் ஒரு தரம் கேட்டேன். மன்னித்துக்கொள், அதற்கும் கேட்டிருக்க வேண்டும்.

சென்னைக்குப் போய் வந்தோம். ஜெயிக்கவில்லை. ஆறுதல் பரிசு என்று ஒன்று இருந்தது, அதுகூட மதுரைக்காரர்களுக்குப் போயிற்று.

இப்போது 'மலையேறு'வுக்குள் போனால் ஒரு பாதை, ஊத்து, உன் அத்தை. வழிகாட்ட ஆள் இல்லை. மீசை வேண்டாம் என்று சாரும் வெளியே வந்துவிட்டார், அவரையும் நான் கேட்கவில்லையாம். முதலில் வந்த பையன் நேராக அத்தையிடம் போய் முறத்தைப் பிடுங்கப் பார்த்தான். அத்தை அவனை ஒரு பார்வை பார்த்தார். எழுந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மீதி நேரம் முழுக்க அவன் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் வரிசையில், "ஹேங் ஆயிடுச்சா?" என்றார்கள். சாருக்கு வேர்த்துக் கொட்டியது.

நடுவர் அம்மா கேட்டார், "கதவு எப்போ திறக்கும்?"

"தெரியாதுங்க மேடம்."

"நீதானேம்மா செஞ்ச? எத்தனை நிமிஷம்னு போட்டிருப்ப இல்ல?"

"கோவம் தீர்ற வரைக்கும்னு அவுங்க சொன்னாங்க. அது எத்தனை நிமிஷம்னு எனக்குத் தெரியல. அதனால போடல."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று எட்டிப் பார்த்தேன். மறைத்துக்கொண்டார்.

சக்கர நாற்காலியில் ஒரு அக்கா வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க அத்தை என் தலைக்கு மேல எங்கியோ பாத்துக்கினு இருக்காங்கப்பா" என்றார். நிற்கிறவர்களை வைத்தே உயரத்தை அளந்திருக்கிறேன். உட்கார்ந்து ஒருத்தர் வருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊத்து மட்டும் சரியான உயரத்தில் இருந்ததாம். அது உன் அளவு.

இணையத்தில் போடும் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. அத்தை கண்காட்சிக்குத்தான் சரி என்றார், ஊருக்கெல்லாம் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது திண்டிவனம் தாண்டித்தான் சார் வாயைத் திறந்தார். "இன்னா பொண்ணு நீ" என்றார். அவ்வளவுதான்.

பழையதை பென் டிரைவில் அழித்தேன். லேபில் அழித்தேன். சாரின் மெயிலில் அவரையே அழிக்க வைத்துப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வீடியோ எடுத்தவன் சரத்குமார் என்ற பையன். விசாரித்து, மணலூர்பேட்டையில் அவன் வீட்டுக்கே போனேன். அவன் அம்மா முன்னால் அழித்தான். ஆனால் அதற்குள் எத்தனை போனுக்குப் போயிருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. அதை என்னால் திரும்ப வாங்க முடியாது, பவா. முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

நீ இப்போது அங்கே இல்லை. இறங்கி வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் கூப்பிடவில்லை.

எழில்


11-12-2025, வியாழன்
முதல் பெஞ்ச், பௌதீக வகுப்பு

பவா,

வந்துவிட்டாய்!!! வாசலில் உன் தலையைப் பார்த்ததும் என் பேனா உருண்டு பௌதீக சாரின் செருப்புக்குள் போய்விட்டது. இன்னும் எடுக்கவில்லை, இது பென்சில்.

மூன்றாம் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாய். முன்பெல்லாம் உன் பையைத் தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டு அந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிடுவேன். பை இப்போதும் உன் பக்கத்து இடத்தில்தான் இருக்கிறது, எனக்குக் கை துறுதுறு என்கிறது. கேட்கிறேன்: உன் பக்கத்தில் வந்து உட்காரலாமா?

எழில்


அதே நாள், மூன்றாம் பெஞ்ச்

எழில்,

நான் வந்தது உனக்காக இல்லை. திங்கள்கிழமை அரையாண்டுத் தேர்வு. அப்பா கூடவே வந்து விட்டுப் போனார்.  பெட்டியை விடுதி வாசல் வரை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் ஒருவன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான்.  முகத்தைத் திருப்பவில்லை. கச்சிராயபாளையத்தில் அவன் இறங்குகிறவரை அவனையே பார்த்துக்கொண்டு வந்தேன். இனிமேல் தினமும் இப்படித்தானா என்று தெரியவில்லை.

நீ செய்ததெல்லாம் படித்தேன். கோபம் குறைந்திருக்கிறது, போகவில்லை. நீ சிரித்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் அதைத்தான் பார்ப்பேன்.

இன்றைக்கு வேண்டாம். நாளைக்குக் கேள். நாளைக்கும் வேண்டாம் என்றாலும் சொல்வேன்.

பவானி


12-12-2025, வெள்ளி
காலை 9.20

பவானி,

வரலாமா?

எழில்